பருவகால மூக்கு ஒவ்வாமை: மூக்குத் தெளிப்பு மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

மழைக்குப் பின் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் பார்த்தீனியம் பூக்கும் காலத்தில், பலருக்குத் தொடர்ந்த தும்மலும் மூக்கு அரிப்பும் தொடங்குகின்றன. நீர் போன்ற மூக்கொழுகலும் மூக்கடைப்பும் உடன் வருகின்றன. காற்றில் பரவும் மகரந்தத்தையும் பூஞ்சை வித்துகளையும் உடலின் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதி, ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுவதே இதற்குக் காரணம். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். ஒவ்வாமையோ வாரக்கணக்கில் நீடிக்கும். பொதுவாகக் காய்ச்சல் இராது.

இதற்கு மூக்குத் தெளிப்பு மருந்துகள் நல்ல பலன் தருகின்றன. ஆயினும் எல்லாத் தெளிப்பு மருந்துகளும் ஒன்றல்ல. புட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பெயரை முதலில் படித்துப் பாருங்கள்.

நான்கு வகைகள்

- உப்புநீர்: மூக்கில் படிந்த தூசியையும் மகரந்தத்தையும் கழுவி அகற்றும். நாள்தோறும் பயன்படுத்தலாம். வீட்டில் தயாரித்தால், கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரை அப்படியே மூக்கினுள் செலுத்துவது ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும்.
- ஸ்டீராய்டு (ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசொனைடு): மூக்கின் உட்சவ்வு வீக்கத்தைக் குறைக்கும் முதன்மை மருந்து. முழுப் பலன் தெரிய 1 முதல் 2 வாரங்கள் ஆகலாம்.
- ஹிஸ்டமின் எதிர்ப்பு (அசெலாஸ்டின்): தும்மலையும் அரிப்பையும் விரைவில் தணிக்கும். வாயில் கசப்பும் சிலருக்குத் தூக்கமும் ஏற்படலாம்.
- அடைப்பு நீக்கி (சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின்): இரத்த நாளங்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும்.

உடனடி நிவாரணத்தில் உள்ள இடர்

அடைப்பு நீக்கியை 3 முதல் 5 நாள்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. தொடர்ந்து பயன்படுத்தினால், மருந்தின் வேகம் குறைந்தவுடன் இரத்த நாளங்கள் மீண்டும் விரிந்து, முன்னைவிடக் கடுமையான அடைப்பு உண்டாகும். அதற்காக மீண்டும் மருந்தை அடிக்க நேரிடும். இவ்வாறு மாதக்கணக்கில் புட்டியைத் தலையணைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் நிலைக்குச் சிலர் ஆளாகின்றனர். உங்களுக்கும் அந்நிலை இருந்தால் அஞ்ச வேண்டாம். மருத்துவர் வேறு மருந்து தந்து இதிலிருந்து விடுபட உதவுவார்.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களும், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மருத்துவர் அறிவுரையின்றி இவ்வகையைப் பயன்படுத்தக் கூடாது.

ஸ்டீராய்டு என்றால் அச்சம் வேண்டுமா?

மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. ஃபுளூட்டிகசோன் தெளிப்பு மருந்தில் ஒரு தெளிப்புக்குப் பொதுவாக 50 மைக்ரோகிராம் மட்டுமே உள்ளது. 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். அதிலும் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது. எனவே, மருத்துவர் கூறிய அளவில், அவர் குறித்த காலம் வரை பயன்படுத்துவது பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பானது. இரண்டு நாள்களில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

தெளிக்கும் முறை

1. கைகளைக் கழுவி, மூக்கை மெதுவாகச் சிந்துங்கள்.
2. புட்டியைக் குலுக்குங்கள். புதிய புட்டியானால், நுண்ணிய தூவல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள்.
3. தலையைச் சற்று முன்னே குனியுங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டாம்.
4. வலது துளைக்கு இடது கையையும், இடது துளைக்கு வலது கையையும் பயன்படுத்துங்கள். முனை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல், அதே பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும்.
5. மெதுவாக மூச்சை உள்ளிழுத்தவாறு அழுத்துங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குச் சென்றுவிடும்.
6. உடனே மூக்கைச் சிந்தாதீர்கள். முனையைத் துடைத்து மூடுங்கள்.

உப்புநீரும் மருந்தும் இரண்டும் தேவையெனில், முதலில் உப்புநீரைப் பயன்படுத்திச் சிறிது நேரம் கழித்து மருந்தைத் தெளியுங்கள். ஒருவர் பயன்படுத்தும் புட்டியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

பராமரிப்பாளர்களுக்கு

குழந்தைகளுக்குப் பெரியவர்களே மருந்தைத் தெளிக்க வேண்டும். வயதுக்கேற்ற மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்வார். ஸ்டீராய்டு மருந்து நீண்ட காலம் தேவைப்படும் குழந்தையின் உயரத்தை அவ்வப்போது அளந்து கண்காணிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

- மூக்கில் மீண்டும் மீண்டும் இரத்தம் கசிந்தால் (மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்)
- ஒரு பக்கம் மட்டும் அடைப்போ, துர்நாற்றமுள்ள சளியோ இருந்தால்
- காய்ச்சல், முகவலி, பார்வை மங்கல் ஏற்பட்டால்
- 2 முதல் 4 வாரங்கள் முறையாகப் பயன்படுத்தியும் குறையாவிட்டால்

இளைப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சில் இறுக்கம் இருந்தால் தாமதிக்காதீர்கள். மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதுண்டு. மூக்கு ஒவ்வாமையைக் கட்டுப்படுத்துவது ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தவும் துணைபுரியும். மருத்துவரிடம் வரும்போது, நீங்கள் பயன்படுத்தும் புட்டியையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.