எரிவாயுவில் ஓடும் ஊர்தி

சமையலறை அடுப்பில் எரியும் வாயுவும், சென்னைச் சாலைகளில் பல ஆட்டோக்களை ஓட்டும் வாயுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவையே. அவ்வாறாயின், வீட்டு உருளையையே வண்டியில் பொருத்தி ஓட்டினால் என்ன? இக்கேள்வி பலர்க்கும் எழுவது இயல்பு. கேள்வியோடு நில்லாமல் அவ்வாறே ஓட்டுவோரும் உளர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன்களில்கூட, இருக்கைக்கு அடியில் மறைத்துவைத்த சமையல் உருளைகள் சோதனையின்போது பிடிபட்டதுண்டு. அது ஏன் குற்றம் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலேயே அறியலாம். பெட்ரோல் ஊர்தியை எரிவாயு ஊர்தியாக மாற்றும்போது எவ்வெவ்வுறுப்புகள் சேர்க்கப்படுகின்றன, ஏன் சேர்க்கப்படுகின்றன என்பதைக் கண்டாலே போதும்.

அழுத்தமும் வெப்பமும்

புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியசிலும், பியூட்டேன் ஏறத்தாழச் சுழியம் பாகையிலும் கொதிப்பவை. எனவே, நம் ஊர் வெப்பநிலையில் திறந்த கலத்தில் அவை திரவமாக நிற்பதில்லை. அழுத்தத்தால் அடக்கி வைத்தால்தான் திரவமாக இருக்கும். அழுத்தம் நீங்கியதும் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. இவ்விரிவே இதன் வசதி. இதன் ஆபத்தும் இதுவே.

திரவம் ஆவியாக வேண்டுமெனில் அதற்கு வெப்பம் வேண்டும். திருமண வீட்டின் சமையற்கூடத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். பெரிய அடுப்பு இடைவிடாது எரியும்போது, உருளையின் கீழ்ப்பாதியில் நீர்த்துளிகள் அரும்பும்; சிலபோது வெண்பனியும் படியும். உள்ளிருக்கும் திரவம், ஆவியாவதற்கான வெப்பத்தை உருளையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உருளை குளிர்ந்துவிடுகிறது. குளிரக் குளிர வாயு வருவதும் குறைகிறது. வீட்டு அடுப்பின் சிறிய தேவைக்கு இக்குறை தெரிவதில்லை. ஓர் எஞ்சினின் தேவையோ மிகப் பெரிது.

இதனால்தான் ஊர்திக்கென அமைந்த தொட்டியில், மேலே நிற்கும் வாயுவை எடுக்காமல், அடியிலுள்ள திரவத்தையே குழாய்வழி எஞ்சின் பக்கம் கொண்டுசெல்கின்றனர். அங்கே ஆவியாக்கி என்னும் கருவி இருக்கிறது. நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்களில், எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீரின் ஒரு பகுதி இக்கருவியின் வழியே பாய்கிறது. வீணாகும் அவ்வெப்பமே திரவத்தை வாயுவாக்குகிறது. அதே கருவி அழுத்தத்தையும் குறைக்கிறது. பின்னர், பழைய வகை எஞ்சின்களில் கலப்பான் வழியாகவும், புதிய வகையில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் தெளிப்பான்கள் வழியாகவும் வாயு காற்றோடு கலந்து உட்செல்கிறது. இத்தகைய கார்கள் காலையில் பெட்ரோலில் கிளம்பி, நீர் சூடேறிய பிறகே எரிவாயுவுக்கு மாறுவதன் காரணம் இப்போது விளங்கும். மாற்றம் செய்த பின்னும் பெட்ரோல் தொட்டி தன்னிடத்தில் இருக்கும். எந்த எரிபொருளில் ஓட்டுவது என்பதை ஓட்டுநர் ஒரு பொத்தானால் தெரிந்தெடுக்கலாம்.

தெரிந்து தெளிவோம்
1910-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் சினெல்லிங், பெட்ரோலிலிருந்து எளிதில் ஆவியாகித் தப்பிய வாயுக்களை ஆராய்ந்து, புரோப்பேன் அவற்றுள் ஒன்று எனக் கண்டறிந்தார். ஒருகாலத்தில் தொல்லை என எண்ணி வெளியேறவிட்ட பொருளே இன்று எரிபொருளாகியுள்ளது.

தொட்டியும் அதன் காவலும்

மாற்றத்தில் செலவு மிகுந்த உறுப்பும், கவனம் மிகுதியாக வேண்டும் உறுப்பும் தொட்டியே. ஊர்தித் தொட்டியை முழுவதும் நிரப்ப இயலாது. கொள்ளளவில் 80 விழுக்காடு நிறைந்ததும், உள்ளே மிதக்கும் மிதவை உயர்ந்து வால்வை மூடிவிடும். 30 லிட்டர் தொட்டியில் 24 லிட்டரே கொள்ளும். இத்திரவம் வெப்பத்தில் நீரைவிடப் பன்மடங்கு விரியும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில், விரிய இடமின்றி அடைபட்ட திரவம் எஃகுத் தொட்டியையே பிளக்கவல்லது. ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் அதற்காகவே விடப்படுகிறது.

வீட்டு உருளைக்கும் இந்நெறி உண்டு. அதில் அடைக்கப்படும் 14.2 கிலோ வாயு, உருளையின் 33.3 லிட்டர் கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே நிரப்பும். ஆனால், அங்கே காவல் நிரப்பு நிலையத்தின் எடைக்கருவியில் இருக்கிறது. உருளைக்குள் மிதவை இல்லை. ஓர் உருளையிலிருந்து மற்றொன்றுக்குச் சிறு மோட்டாரால் வாயுவை மாற்றுவோரிடம் அவ்வெடைக்கருவியும் இல்லை. சிலர் திரவமாகவே பெற வேண்டி, நேராக நிற்கவேண்டிய உருளையைப் படுக்கவைப்பர், கவிழ்த்தும் வைப்பர். அப்போது வாயு செல்ல அமைந்த ரப்பர் குழாயில் திரவம் பாய்கிறது.

ஊர்தித் தொட்டிக்கு வேறு காவல்களும் உண்டு. விபத்தில் குழாய் அறுந்தால் வாயு பீறிடாதவாறு தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. அழுத்தம் எல்லை மீறினால் சிறிது சிறிதாக வெளியேற்றும் வால்வு ஒன்று. எஞ்சின் நின்றுவிட்டால், சாவி திறந்திருந்தாலும் வாயுவின் வழியை அடைக்கும் மின்காந்த வால்வு, குழாய்த் தொடரில் அமைந்திருக்கும். காருக்குள் வைக்கும் தொட்டியின் வால்வுகளைக் காற்றுப்புகாப் பெட்டி ஒன்று மூடியிருக்கும்; கசிவு நேர்ந்தால் அது பெட்டியிலிருந்து குழாய்வழி வண்டிக்கு அடியில் வெளியேறும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலையாமல் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். கதவடைத்த வேனின் தரைப்பரப்பில் அது தேங்குவதை எண்ணிப் பாருங்கள். இயல்பில் மணமற்ற இவ்வாயுவில் எத்தில் மெர்காப்டனைக் கலந்து நாற்றம் ஊட்டுவதும், கசிவை மூக்காவது உணரட்டும் என்பதற்காகவே.

ஆதாயக் கணக்கு

சிக்கனமே மாற்றத்துக்குப் பெரும்பாலோர் கூறும் காரணம். லிட்டர் விலைகளை மட்டும் ஒப்பிடுவது அரைக்கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை முக்கால் கிலோவை ஒட்டியது. நீர்ம எரிவாயுவோ அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். ஆகவே, லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு. பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி, எரிவாயுவில் 12 கிலோமீட்டர் ஓடினால் அதுவே நல்ல பயன். விலை வேறுபாட்டிலிருந்து இவ்விழப்பைக் கழித்து, எஞ்சியதைக் கொண்டே கருவிகளின் செலவு எத்தனை மாதத்தில் மீளும் எனக் கணக்கிட வேண்டும். நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் ஆட்டோவுக்கு அது விரைவில் மீளும். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்றுவரும் காருக்கு மீளாமலே போகலாம். வாயுவாகவே காற்றோடு சீராகக் கலப்பதால் புகையும் கரியும் குறைவு என்பது ஊராருக்குக் கிடைக்கும் ஆதாயம்.

சட்டத்தின் இடம்

இந்தியாவில் நீர்ம எரிவாயுவை ஊர்தி எரிபொருளாகப் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளித்தது. 2001-இல் அதற்கான ஒழுங்குமுறை ஆணை வந்தது. ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியை, உரிமம் பெற்ற பணிமனையில்தான் பொருத்த வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழின் எரிபொருள் குறிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தொட்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும் கட்டாயம். பழைய எரிவாயுக் காரை வாங்குவோர் வண்ணத்தையும் இருக்கையையும் பார்த்த பின், பின்புற மூடியைத் திறந்து தொட்டியில் பொறித்த சோதனை நாளையும், சான்றிதழில் எழுதிய எரிபொருளின் பெயரையும் படித்துப் பார்த்தல் நலம்.