பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றனவா? அவை உடைவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி விடுங்கள். என் மாமா செய்யூரில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், திருவிழா என்று அவர் போட்ட தட்டுகள் பல கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அவற்றில் சில பாடல்கள் இணையத்தில் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலுள்ள தட்டே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். 1930-களில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியன் தட்டுகளில் பல, தனியார் சேகரிப்புகளில் இருந்ததால்தான் பின்னாளில் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில் டிஜிட்டல் ஆயின.

முதலில் தட்டு எந்த வகை என்று பாருங்கள். கனமாக, கீழே விழுந்தால் நொறுங்குவது 78 சுற்றுத் தட்டு, அரக்கால் ஆனது. இதை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்து விடும். 1948-இல் வந்த எல்.பி. தட்டு வினைல், வேகம் 33⅓. இரண்டுக்கும் ஊசி வேறு. 78-இன் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியைப் போட்டால் அடியில் உரசி இரைச்சல்தான் வரும்.

அடுத்து இணைப்பு. பிளேயரின் ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். எனவே நடுவில் போனோ ப்ரீஆம்ப் வேண்டும். சில பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கும். அங்கிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன் துளைக்கு ஒயர் கொடுங்கள். மைக் துளையில் செருகாதீர்கள், ஒலி கரகரக்கும். லேப்டாப்பில் லைன்-இன் இல்லையென்றால் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள்.

சாஃப்ட்வேருக்குச் செலவில்லை. ஆடாசிட்டி இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்துக் கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். பாடலின் மிக உரத்த இடத்தைப் போட்டுப் பார்த்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி லெவலைக் குறையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு எந்த எஃபெக்டாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிவு செய்து, கன்ட்ரோல் பி அழுத்தி ஒவ்வொரு பாடலின் ஆரம்பத்திலும் லேபிள் வைத்தால் தனித்தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.

மோனோ தட்டையும் ஸ்டீரியோவில் பதிந்து, பிறகு இரண்டு சேனலையும் ஒன்றாக்குங்கள். இரைச்சல் ஓரளவு தானாகக் குறையும். ‘க்ளிக் ரிமூவல்’ எஃபெக்டை மட்டும் அளவோடு போடுங்கள். அதிகமானால் மிருதங்கத்தின் அடியையும் கீறல் என்று நினைத்து மழுங்கடித்து விடும். கொஞ்சம் கரகரப்பு இருந்தால் என்ன, தட்டென்றால் அப்படித்தான்!

திருத்தாத மூலப் பதிவை ஃப்ளாக் ஃபார்மட்டில் சேமித்து, வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் காப்பி வையுங்கள். போனில் கேட்க எம்பி3 போதும். பதிவு முடிந்ததும் தட்டுகளை அடுக்காமல், புத்தகம் போல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.