குழந்தைக்குச் சளியா? பழைய பாட்டிலைத் தொடாதீர்கள்!

"என் பேரனுக்கு வாங்கினது. நாலு வேளையிலே சரியாப் போச்சு. பாக்கி இருக்கு. உன் மகளுக்குக் கொடு, தாயி!"

எதிர்வீட்டுப் பாட்டி பாட்டிலை நீட்டுகிறாள். குழந்தைக்கு வயது மூன்று. மூக்கு ஒழுகுகிறது. மூன்று இரவாக இருமல். தாய்க்குத் தூக்கம் இல்லை. அவள் கை நீளுகிறது.

அந்தப் பாட்டிலில் இருப்பது 'ஆன்டிபயாடிக்.' கிருமியைக் கொல்லும் மருந்து.

எந்தக் கிருமியை?

பெயர் மருந்துக்கு!

கிருமிகளில் பாக்டீரியா ஓர் இனம். வைரஸ் வேறு இனம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரணச் சளியைக் கொண்டுவருவதோ வைரஸ். அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது.

அப்படியானால் பாட்டியின் பேரனுக்கு எப்படிச் சரியாயிற்று? அது சாதாரணச் சளியாக இருந்தால், மருந்து கொடுக்காவிட்டாலும் சரியாகியிருக்கும்! சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது மருந்து.

சளி மஞ்சளாக, பச்சையாக வந்தால்? அதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். உடம்பிலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராடும்போது அந்த நிறம் வருவது உண்டு.

பிளெமிங் சொன்ன கதை

"கொடுத்தால்தான் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்கலாம். இதற்கு 1945-ம் ஆண்டிலேயே பதில் சொன்னார் ஒருவர். அவர்தான் 1928-ல் லண்டனில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங். நோபல் பரிசு பெற்றபோது அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

ஒருவனுக்குத் தொண்டைவலி. தானே பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறான். அளவு போதவில்லை. கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. அதே கிருமி மனைவிக்கு ஒட்டிக்கொள்கிறது. அவளுக்கு நிமோனியா! பென்சிலின் கொடுக்கிறார்கள். கேட்கவில்லை. மனைவி இறந்துவிடுகிறாள்.

குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் எப்போதும் பாக்டீரியாக்கள் உண்டு. தேவையில்லாமல் மருந்து கொடுத்தால், நல்லவை பல அழியும். பேதியும் வரலாம். மருந்தைத் தாங்குபவை மிஞ்சிப் பெருகும். பிறகு நிஜமாகவே நிமோனியா வரும் நாளில் மருந்து கைவிட்டுவிடலாம்.

மேலும், பேரனுக்கு எழுதிய அளவு பேரனின் எடைக்கு. தூளில் தண்ணீர் கலந்து செய்யும் மருந்துக்கோ ஆயுள் குறைவு. எத்தனை நாள் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது. 2014 முதல் சில ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்றால், யார் எழுதினார், யாருக்கு என்று கடைக்காரர் தனி நோட்டில் பதிய வேண்டும். மாத்திரை அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டு காட்டி வாங்க வேண்டிய மருந்து.

மூச்சை எண்ணுங்கள்

நிமோனியாவை எப்படிச் சந்தேகிப்பது? கடிகாரம் இருந்தால் போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்குங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிந்தாலும் அப்படியே. பால், தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

டாக்டர் பரிசோதித்து ஆன்டிபயாடிக் எழுதினால், அப்போது அது உயிர் காக்கும் மருந்து. சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே குழந்தை ஓடி விளையாடினாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

அந்தத் தாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். 28. காய்ச்சல் இல்லை. நெஞ்சு குழியவில்லை. குழந்தை கஞ்சி கேட்டது. ஒரு வயது தாண்டிய பிள்ளை என்பதால் பாட்டி அரை ஸ்பூன் தேன் கொடுத்தாள். இரவு இன்னொரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தாய் கடிகாரத்தைப் படுக்கை அருகே கொண்டுபோய் வைத்தாள்.