மறுமுனையில் ஒருவர்

காலை ஆறரை மணிக்கு ராஜபாளையத்தில் என் வீட்டு மொட்டைமாடி அறையிலிருந்து நான் அழைப்பதும், 12 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நண்பர் ஒருவர் பதில் தருவதும் சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். அவர் பஞ்சாலை ஒன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு மூத்தவர். நாங்கள் பேசுவது பெரிய செய்திகள் அல்ல. மேற்கு மலையில் மேகம் எப்படி இருக்கிறது, நேற்று இரவு எந்த ஊர் கேட்டது, உங்கள் குரலோடு ஓர் இரைச்சலும் வருகிறதே, இணைப்பைப் பார்த்தீர்களா - இவ்வளவுதான். பத்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

'இதைக் கைப்பேசியில் பேசினால் ஆகாதா?' என்று என் மனைவி கேட்டார். 33 ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவனுக்கு அந்தக் கேள்வி மிகவும் நியாயமானதாகவே பட்டது. மலிவான, தெளிவான மாற்று கையில் இருக்கும்போது, ஒருவர் எதற்காகத் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, கருவி வாங்கி, தென்னைமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே கம்பி கட்ட வேண்டும்? (பக்கத்து வீட்டார் முதலில் அதைத் துணி காயப்போடும் கொடி என்றே நினைத்தார்கள்.) சரியான விடை சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அமெச்சூர் வானொலி என்றும் ஹாம் ரேடியோ என்றும் அழைக்கப்படும் இதில், ஒருவர் தம் வீட்டிலேயே ஒரு சிறு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு எங்கோ இருக்கும் இன்னொருவருடன் நேரடியாகப் பேசுகிறார். இடையில் கோபுரம் இல்லை, இணையம் இல்லை, மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனமும் இல்லை. பன்னாட்டு விதிகள் இதற்குத் தரும் இலக்கணத்தில் ஒரு நிபந்தனை என்னைக் கவர்ந்தது: பண ஆதாயம் கருதாமல், சொந்த ஆர்வத்துக்காக மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வணிகச் செய்தி அனுப்பக் கூடாது. பொருளை மறைத்து ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. நாங்கள் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்தவர் எழுதலாம். மேல் வயது வரம்பு இல்லாததால் நானும் எழுதினேன். என் பக்கத்து இருக்கையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் என்னைத் தேர்வு மேற்பார்வையாளர் என்று எண்ணி எழுந்து வணக்கம் வைத்தான். விலைக்கும் தேவைக்கும் உள்ள உறவை ஆயிரம் முறை கரும்பலகையில் வரைந்தவன், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவில் தடுமாறினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் நண்பர்தான் எனக்கு ஆசிரியர். 'சார், மேல்தொட்டித் தண்ணிய நெனச்சுக்கோங்க. தொட்டி எவ்வளவு உசரமோ அது வோல்ட்டு. குழாயில வர்ற தண்ணி ஆம்பியர். குழாய் குறுகலா இருந்தா அது ஓம்' என்றார். அதற்குமேல் எனக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. 'அண்ணாச்சி, நீங்கள் கல்லூரிக்கு வந்திருக்க வேண்டும்' என்றேன். 'வந்திருந்தா மில்லுல மோட்டார் ஓடியிருக்காது சார்' என்றார்.

தேர்வு முடிந்து உரிமம் கைக்கு வர 14 மாதங்கள் ஆயின. கோப்பு எந்த மேசையில் உறங்கியது என்று அறியேன். ஆர்வம் குன்றாத முதியவனுக்கே அந்தக் காத்திருப்பு சலிப்பூட்டியது என்றால், பதினைந்து வயதுச் சிறுவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இனி, அலை எப்படிப் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்; இந்தப் பொழுதுபோக்கின் இன்பம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நொடிக்குச் சுமார் 71 லட்சம் முறை அதிரும் அலை, ஒளியின் வேகத்தில் பாயும்போது ஓர் அதிர்வுக்குள் ஏறத்தாழ 42 மீட்டர் தொலைவு கடந்துவிடும். எனவே அந்தப் பகுதியை '40 மீட்டர் பட்டை' என்கிறார்கள். அந்த நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, அங்கிருந்து ஒரு வடம் இறக்கினால் ஆன்டெனா தயார். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். கருவி வெளிவிடும் ஆற்றலோ ஒரு பழைய குண்டு பல்பை எரிக்கும் அளவு, 100 வாட். லாரி பேட்டரி ஒன்று போதும்.

எங்கள் ஊர்களுக்கு மேற்கே தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் 2 மீட்டர் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேரும், மலையைத் தாண்டாது. ஆனால் 40 மீட்டர் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பினால், நூற்றுக்கணக்கான கி.மீ. உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு அப்பால் கோட்டயத்தில் இறங்குகிறது. சுவருக்கு இப்புறம் நிற்பவன் பந்தை மேலே எறிந்து அப்புறம் விழச் செய்வது போல. அந்த அயனி மண்டலத்தை உண்டாக்குவது சூரியன் என்பதால், பகலில் ஒரு நியாயம், இரவில் வேறொரு நியாயம். பகலில் மதுரையும் தூத்துக்குடியும் அடுத்த அறையில் இருப்பது போலக் கேட்கும். பின்னிரவில், 85 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை அடியோடு மறைந்து, தில்லிக்காரர் கணீரென்று பேசுவார். செங்குத்தாகச் சென்ற அலை அப்போது திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது. சாய்ந்து சென்றது மட்டுமே தொலைவில் இறங்குகிறது. அருகில் இருப்பவர் கேட்காமல் போவதும் தொலைவில் இருப்பவர் கேட்பதும் மனிதரிடையே மட்டும் நடப்பதில்லை என்று முதல் நாள் வியந்தேன். அண்ணாச்சி வியக்கவில்லை. 'ராத்திரிக்கு 80 மீட்டருக்கு மாறணும் சார்' என்றார்.

இந்தப் பட்டைகளில் யாருக்கும் சொந்த அலைவரிசை கிடையாது. முதலில் கேள், யாரும் பேசவில்லை என்றால் 'இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா?' என்று கேள். அதன் பிறகே பேசு. புதியவருக்கு முதல் பாடம் இதுதான். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்து 'கேள்வி'க்கென ஓர் அதிகாரம் இருப்பது நினைவுக்கு வந்தது. வகுப்பறையில் பேசியே பழகிய எனக்கு இது கடினமான பாடம். முதல் மூன்று மாதங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பொருளியலில் இதற்கு ஒரு பெரிய பின்னணி உண்டு. 1959-இல் ரொனால்ட் கோஸ், அலைக்கற்றையை அரசு பங்கிட்டுத் தருவதைவிட விற்பதே திறமையான வழி என்று வாதிட்டார். உலகம் அவர் வழியில் சென்றது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு 5ஜி ஏலத்தில் மட்டும் கிடைத்த தொகை 1,50,173 கோடி ரூபாய். வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தப் பொதுச் சொத்தில், ஏலத்துக்கு வராமல் சாதாரணக் குடிமக்களின் கையில் எஞ்சியிருக்கும் சில துண்டுகளே அமெச்சூர் பட்டைகள். என் மாணவர்களுக்கு நானும் கோஸைத்தான் கற்பித்தேன். அது தவறும் அல்ல. ஆனால், பொதுவில் கிடப்பதெல்லாம் பாழாகும் என்ற முடிவை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு இது புதிதல்ல. கண்மாயில் எந்த மடை எப்போது திறப்பது என்பதற்கு நீர்பாய்ச்சியும், கரையையும் வரத்துக்கால்வாயையும் சீர்செய்யக் குடிமராமத்தும் இங்கே இருந்தன. 40 மீட்டர் பட்டையும் ஒரு கண்மாய்தான். காலையில் நாங்கள் பேசும் பத்து நிமிடப் பேச்சு, வரத்துக்கால்வாயில் முள்செடி வெட்டுவது போன்றது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

புரியவைத்தது 2023 டிசம்பர் மாதத்து மழை. 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளுடன் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. ஏரல் அருகே ஒரு சிற்றூரில் என் தங்கை குடும்பம். திங்கள்கிழமை காலை முதல் அவர்கள் யாருடைய கைப்பேசிக்கும் அழைப்பு போகவில்லை. மின்சாரம் இல்லை; கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. என் மேசைமீது 100 வாட் கருவி இருந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. கம்பி அறுபடவில்லை. 40 மீட்டர் பட்டையில் பகல் நேரத்தில் ராஜபாளையத்திலிருந்து ஏரல் மிக எளிய தொலைவு. பொத்தானை அழுத்தி அழைக்கவும் செய்தேன். ஆனால் ஏரலில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

பிற ஊர்களிலிருந்து பலர் பதில் தந்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஏரலைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் தங்கை மகன் ஒரு படகில் ஏறி வெளியே வந்து, யாரோ ஒருவரின் கைப்பேசியிலிருந்து 'எல்லாரும் மாடியில இருக்கோம் மாமா' என்றான். ஒரு தொலைபேசியின் மதிப்பு, உலகில் எத்தனை பேரிடம் தொலைபேசி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். அதன் பொருளை அந்த இரண்டரை நாள்களில்தான் கற்றேன்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவுடன் போர்ட் பிளேர் சென்றிருந்தார். நோக்கம் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு: பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலியில் ஒலிக்காத அந்தமானிலிருந்து பேசி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுக்கு அந்த அரிய தொடர்பைத் தருவது. டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்தது, கடல் ஏறியது, தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே வழக்கமான தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்காகக் கொண்டுபோன கருவி, உயிரோடு இருப்பவர்களின் செய்தியை அவர்களின் உறவினருக்குக் கொண்டுசேர்க்கும் வழியாயிற்று. பேரிடருக்கென்று யாரும் அங்கே கருவியோடு காத்திருக்கவில்லை. விளையாட்டு இருந்ததால் கருவி இருந்தது. அதைக் கையாளப் பழகிய கையும் இருந்தது.

தமிழகத்தில் வானொலியே இத்தகைய ஆர்வலர்களால் பிறந்ததுதான். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தொடங்கப்பட்ட சென்னை மாகாண வானொலிக் கழகம், அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்றாண்டுகளில் பணமில்லாமல் நின்றுபோனது. அவர்களுடைய கருவியைக் கொண்டுதான் 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-இல்.

அந்த மரபுக்கு இன்று வாரிசுகள் குறைவு. அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்கள் 7 லட்சத்துக்கு மேல். நம் நாட்டில் சில பத்தாயிரத்தைத் தாண்டாது. பொறியியல் கல்லூரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை, மொட்டைமாடிக்கும் பஞ்சமில்லை. கல்லூரிக்கு ஒரு நிலையமும் நான்கு மாணவர்களும் போதும். 2005-இல் இஸ்ரோ அமெச்சூர்களுக்காகவே 'ஹாம்சாட்' என்ற செயற்கைக்கோளை அனுப்பியது; அது 2014 வரை உழைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலியைச் சில ஆயிரம் ரூபாய்க் கருவியில் கேட்கலாம். கற்பதற்கு வானம் திறந்தே இருக்கிறது. சதுரகிரிக்கு ஆடி அமாவாசையன்று மலையேறும் கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஓடையில் திடீரென நீர் பெருகினால் மேலிருப்பவர்கள் கீழிருப்பவர்களுக்குச் செய்தி சொல்ல, மலை மறைக்கும் கைப்பேசியை மட்டும் நம்பலாமா? அங்கே ஒரு கம்பியையும் இரண்டு மாணவர்களையும் நிறுத்துவதற்கு மாவட்ட நிர்வாகத்துக்கு ஆகும் செலவு என்ன? உரிமத்தை 14 மாதங்களுக்குப் பதிலாக 14 நாள்களில் தருவதற்குத்தான் ஆகும் செலவு என்ன?

என் மனைவி இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தங்கையின் பேத்திக்கு வயது 13. விடுமுறைக்கு வந்தவள் அண்ணாச்சியிடம் மேல்தொட்டிப் பாடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், தேர்வுக்கு விண்ணப்பித்தாயிற்று. ஏரலில் அவர்கள் வீட்டு முற்றம் 20 மீட்டர் கம்பிக்குப் போதாது. பக்கத்து வாழைத்தோட்டக்காரரிடம் ஒரு கம்பம் நட இடம் கேட்டிருக்கிறோம்.