ஊரோடு குடிபெயர்தல்: பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள் ஓர் அறிமுகம்

2024 ஜூலையில் 'கூ' செயலி மூடப்பட்டது. 2020இல் பெங்களூரில் தொடங்கி, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் எழுத இடம் கொடுத்த தளம் அது. ட்விட்டருக்கு உள்நாட்டு மாற்று என்று மத்திய அமைச்சர்களே அதில் கணக்குத் தொடங்கினார்கள். பிறகு முதலீடு வறண்டது, தளத்தை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் பேச்சுகள் முறிந்தன, சேவை நின்றது. அங்கே பாடுபட்டு வாசகர் வட்டம் சேர்த்தவர்கள் அந்த வட்டத்தை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லாமல் போயிற்று. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோதும், 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மூடப்பட்டபோதும் தமிழர்களுக்கு நேர்ந்தது இதுதான். இணையத்தில் தமிழின் தொடக்ககால உரையாடல்களில் பல யாகூ குழுமங்களில்தான் நடந்தன. மூன்று தளங்களுக்கும் மூன்று உரிமையாளர்கள். ஒன்று இந்திய நிறுவனம், இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். உரிமையாளர் யார் என்பதால் முடிவு மாறவில்லை. உறவுகள் அத்தனையும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கும்வரை, அந்தக் கதவைச் சாத்துகிறவர் கையில்தான் அவையும் இருக்கும்.

நீலகிரி போன்ற மலை மாவட்டத்துக்கு இது தொலைதூரத்துச் செய்தி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மலையின் படுகு மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 1.33 லட்சம் பேர். தோடர், கோத்தர் மொழிகளைப் பேசுவோர் சில ஆயிரங்களைத் தாண்டமாட்டார்கள். படுகுப் பாட்டு, ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களின் திருவிழா அறிவிப்பு, சாவுச் செய்தி, பச்சைத் தேயிலை விலை, யானை நடமாட்டம், மேட்டுப்பாளையம் சாலையில் விழுந்த மரம் என எல்லாம் இன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக், யூடியூப் பக்கங்களிலும்தான் உலவுகின்றன. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றுக்கும் ஒரே நிறுவனம் என்பதால் ஒன்று போனபோது மூன்றும் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மலைமக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு நாளில் இந்த முடக்கம் வந்திருந்தால், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேறு பொதுவழி இருந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடையாகச் சில ஆண்டுகளாக வளர்ந்துவருவதுதான் பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளம். இதில் ஒரு பெரிய தளத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான சிறு தளங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சர்வர். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகி, தனி விதிகள். எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு மட்டும் பொதுவான நெறிமுறை ஒன்று இருக்கிறது. ஆக்டிவிட்டிபப் என்ற அந்த நெறிமுறையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் ஏற்று வெளியிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டோடான் இதன்வழி இயங்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது. படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப் என வேறு மென்பொருள்களும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஃபெடிவெர்ஸ் என்பார்கள். கணக்கின் முகவரிக்கு மின்னஞ்சலைப் போலவே இரண்டு பகுதிகள்: ஆளின் பெயர், அவர் கணக்கு வைத்திருக்கும் சர்வரின் பெயர். கோத்தகிரியில் உள்ள ஒரு சர்வரில் எழுதுகிறவரைச் சென்னையில் வேறொரு சர்வரில் உள்ளவர் பின்தொடர விரும்பினால், சென்னை சர்வர் கோத்தகிரி சர்வருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பும். அது ஏற்கப்பட்டதும், கோத்தகிரிக்காரர் எழுதும் ஒவ்வொரு பதிவின் படியும் மறைக்குறியீட்டுக் கையொப்பத்தோடு சென்னை சர்வரின் உள்பெட்டிக்குப் போய்ச் சேரும். நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. மாஸ்டோடானின் முகப்பில் பதிவுகள் நேர வரிசையில் வருகின்றன. விளம்பரத்துக்காக எதை மேலே தூக்குவது, எதை அமுக்குவது என்று முடிவுசெய்யும் கணக்கீடு அங்கே இல்லை.

தேயிலை மலைக்காரர்களுக்கு இந்தக் கட்டமைப்பு விளங்குவது கடினமாக இருக்காது. 1965இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான இன்கோசர்வ், 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பு. சுமார் 30 ஆயிரம் சிறு விவசாயிகள் அவற்றில் உறுப்பினர்கள். குந்தா, கட்டபெட்டு, எப்பநாடு, கின்னக்கொரை என ஒவ்வொரு பகுதியின் தொழிற்சாலைக்கும் அதற்கென்று உறுப்பினர்கள், அதற்கென்று நிர்வாகம். ஆனால் அங்கே அரைபடும் தூளின் தரப் பிரிவுகள் எங்கும் பொது. அதனால்தான் குன்னூர் தேயிலை ஏலத்தில் வாங்க வருகிறவர் எந்தத் தொழிற்சாலைத் தூளையும் ஒரே அளவுகோலில் எடைபோட முடிகிறது. விவசாயி இருக்கும் இடத்தில் பயனரையும், தொழிற்சாலை இருக்கும் இடத்தில் சர்வரையும், தரப் பிரிவு இருக்கும் இடத்தில் நெறிமுறையையும் வைத்துப் பார்த்தால் ஃபெடிவெர்ஸின் படம் கிடைத்துவிடும். ஒப்புமை பொருந்தாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும்: ஃபெடிவெர்ஸுக்குக் குன்னூரில் இருப்பதுபோலத் தலைமை அலுவலகம் கிடையாது, எழுதி வைத்த தரம் மட்டுமே உண்டு. கூட்டுறவின் கசப்பான பாடமும் இங்கே பொருந்தும். தொழிற்சாலைகள் நட்டத்தில் ஓடியதும், இலைக்கான பணம் தாமதமானதும், உறுப்பினர்கள் தனியார் ஆலைக்கு இலை கொடுத்ததும் மலையில் எல்லோருக்கும் தெரியும். பரவலாக்கம் நல்ல நிர்வாகத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. நிர்வாகம் கெட்டால் தொழிலை விடாமலே இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையைத்தான் அது தருகிறது. அந்த உரிமை பெரிது.

அந்த உரிமை எந்த அளவுக்கு உண்மையானது என்பதையும் பார்க்க வேண்டும். மாஸ்டோடானில் ஒருவர் சர்வர் மாற விரும்பினால், புதிய இடத்தில் கணக்குத் தொடங்கி, பழைய கணக்கும் தன்னுடையதே என்று அங்கே பதிந்து, பிறகு பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தை அறிவிக்க வேண்டும். அவரைப் பின்தொடர்கிறவர்களின் சர்வர்களுக்கெல்லாம் அந்த அறிவிப்பு போகும். பின்தொடர்வோர் தாமாகவே புதிய முகவரிக்கு மாற்றப்படுவார்கள். யார் யாரைப் பின்தொடர்கிறோம், யாரைத் தடுத்திருக்கிறோம் என்ற பட்டியல்களையும் கோப்பாக இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுதிய பதிவுகள் கூட வருவதில்லை. அவற்றின் தொகுப்பை இறக்கிச் சேமிக்கலாம், அவ்வளவுதான். பழைய சர்வர் திடீரென்று செத்துவிட்டால் இடமாற்றத்தை அறிவிக்கவும் வழியில்லை. 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியில் முடியும் பெயர் வைத்திருந்த ஒரு மாஸ்டோடான் சர்வருக்கு இதுதான் நடந்தது. தாலிபான் நிர்வாகம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. ட்விட்டரைப் போன்ற புளூஸ்கை தளம் பயன்படுத்தும் ஏடி நெறிமுறை இந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது: ஆளின் அடையாளத்தை சர்வரிலிருந்து பிரித்து, பதிவுகளையும் கையோடு எடுத்துச் செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பயனர்களில் மிகப் பெரும்பாலோர் இன்னும் அந்நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருக்கிறார்கள். கருவி இருப்பது ஒன்று, அதை மக்கள் பயன்படுத்துவது வேறு.

மக்கள் எப்படிக் குடிபெயர்கிறார்கள் என்பதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. 2019இன் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. கோபம் கொண்ட இந்தியப் பயனர்கள் நவம்பரில் அலையாக மாஸ்டோடானுக்குப் போனார்கள். கோபம் ஆறியதும் பலர் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபர் இறுதியில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது உலக அளவில் அதுவே நடந்தது. சில லட்சமாக இருந்த மாஸ்டோடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை 25 லட்சம் வரை ஏறி, 2023 தொடக்கத்தில் 20 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அந்த அலையில் நகர்ந்த 1,36,009 பேரை ஆராய்ந்த ஓர் ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொன்னது: ஒருவர் நகர்வதில் அவருடைய நட்பு வட்டத்துக்கு வலுவான பங்கு உண்டு, நகர்ந்தவர்களும் பெரிய சர்வர்களிலேயே போய்க் குவிகிறார்கள். மூன்றாவது பாடத்தை ட்விட்டரே கற்பித்தது. 2022 டிசம்பரில் மாஸ்டோடான் முகவரிகளைப் பகிர்வதற்குத் தடை அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் விலக்கிக்கொண்டது. 2023இல், பழைய நண்பர்கள் எங்கே போனார்கள் என்று தேடித்தரும் கருவிகள் நம்பியிருந்த இலவசத் தரவு வழியையும் மூடியது. நெருக்கடி வந்த பிறகு புறப்படுகிறவருக்கு வெளியேறும் பாதை குறுகிவிடுகிறது.

இந்தச் சான்றுகளெல்லாம் ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்கின்றன. தனி ஆளைப் பார்த்து 'நீங்கள் மாறுங்கள்' என்று சொல்லும் பிரசாரம் தோற்கும். ஏற்கெனவே ஒன்றாக இருக்கும் குழு, அமைதியான காலத்தில், ஒரு தெளிவான பயனுக்காகச் சேர்ந்து நகர்ந்தால் நிலைக்கும். அந்த வகையில் நீலகிரி, பெருநகரங்களைவிட வாய்ப்பான இடம். படுகர்களிடம் ஹட்டி, ஊர்கள் சேர்ந்த சீமை, மலை முழுவதையும் குறிக்கும் நாக்குபெட்டா என்று படிப்படியாக அமைந்த கட்டமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. சிறு தேயிலை விவசாயிகளுக்குச் சங்கங்கள் உண்டு; பள்ளிகளின் முன்னாள் மாணவர் வட்டங்கள், பறவை நோக்குவோர் குழுக்கள் உண்டு. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து மலைக்கென ஒரு சர்வரைத் தொடங்கி, முதலில் ஒரே வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம்: மழை, மண்சரிவு, சாலை, யானை பற்றிய பொது அறிவிப்பு. அந்தப் பதிவுகளைக் கணக்கில்லாதவரும் உலாவியில் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவை மூட வேண்டியதில்லை. அறிவிப்பு முதலில் சொந்த சர்வரில் வரட்டும், அதன் சுட்டி குழுவுக்குப் போகட்டும். உதவ முன்வருகிறவர்களின் வேலை மென்பொருளின் பெருமையை விளக்குவதாக இருக்கக் கூடாது. கணக்குத் தொடங்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த இருபது பேரைப் பின்தொடரச் செய்து, செயலியைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்தால் போதும். வெறும் முகப்பைப் பார்த்தவர் மறுநாள் வரமாட்டார். அத்தையும் மாமனும் எழுதியிருப்பதைப் பார்த்தவர் வருவார். சர்வரின் பெயர் பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அன்றாடம் காப்புப் படி எடுக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். இவற்றில் கடைசி மூன்று உறுதிகளையும் மாஸ்டோடான் தன் இணையதளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம் கேட்கிறது.

'அங்கே யார் இருக்கிறார்கள்?' என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. உலகத்தோடு பேச வருகிறவருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு ஹட்டிக்கு வேண்டியது சில நூறு பேர். அந்தச் சில நூறு பேர் வந்துவிட்டால் அந்த ஊருக்கு அந்தத் தளம் நிரம்பிவிட்டது. உலகமும் முற்றாக அடைபட்டுவிடவில்லை: வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் திரெட்ஸ் தளம்கூட 2024 முதல் ஆக்டிவிட்டிபப் வழியாகப் பதிவுகளைப் பகிரத் தொடங்கியிருக்கிறது. அடுத்து, அந்தரங்கம் பற்றிய கேள்வி. அது இன்னும் கனமானது. மாஸ்டோடானின் தனிச்செய்திகள் வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். ஆகவே வீட்டுப் பேச்சை அங்கே கொண்டுபோகக் கூடாது, ஊர்ப் பேச்சை மட்டுமே கொண்டுபோக வேண்டும். தனிப்பேச்சுக்கு எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் போன்ற வேறு பரவலாக்கப்பட்ட வழிகள் உண்டு. எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இயங்கும் 'ப்ராவ்' என்ற செயலியைக் கூட்டுறவு முறையில் நடத்த இந்தியக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் முயன்றுவருகிறார்கள்.

'வதந்தியையும் வசையையும் யார் தடுப்பது, சட்டத்துக்கு யார் பதில் சொல்வது?' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகளை விதிக்கின்றன. சிறு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். சுமைதான். ஆனால் தொலைதூரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியருக்கு ஒரு படுகு வசைச்சொல் வசையா என்று தெரியாது. ஹட்டியின் பெரியவருக்குத் தெரியும். முறைதவறும் சர்வர்களைத் தம் பக்கம் வராமல் தடுக்கும் அதிகாரமும் ஒவ்வொரு நிர்வாகிக்கும் உண்டு. கடைசி மறுப்பு, பரவலாக்கம் காலப்போக்கில் மீண்டும் ஓரிடத்தில் குவியும் என்பது. மின்னஞ்சல் அப்படித்தான் ஜிமெயிலில் குவிந்தது; மேலே சொன்ன ஆய்வும் அதையே காட்டுகிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் ஜிமெயிலில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவருக்கு இன்றும் கடிதம் அனுப்ப முடிகிறது. வாட்ஸ்அப்பில் இருப்பவருக்கு அந்த வாய்ப்புத் தானாக வரவில்லை. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுத்தான் பிற செயலிகளுக்கு வழிவிடச் சொல்ல வேண்டியிருந்தது. குவிந்தாலும் கதவு திறந்திருக்கும் அமைப்பு ஒன்று, குவிந்ததும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு மற்றொன்று. இரண்டையும் சமமாக வைக்க முடியாது.

பெரிய மொழிகளுக்கு ஒரு தளம் போனால் இன்னொன்று வரும். சந்தை அவற்றைத் தேடி வரும். லட்சம் பேர் பேசும் மொழிக்கும் ஆயிரம் பேர் பேசும் மொழிக்கும் அந்தச் சந்தை ஒருபோதும் முன்னுரிமை தராது. கட்டற்ற மென்பொருளில் அந்த மக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தங்கள் மொழியைச் சேர்க்கலாம், தங்கள் விதியை எழுதலாம், தங்கள் பாட்டையும் பேச்சையும் தங்கள் பெயரில் உள்ள சர்வரில் வைக்கலாம். சிறு விவசாயிகள் ஒன்றுகூடித் தொழிற்சாலைகளை நடத்த முடிந்த மலையில், சில நூறு பேர் சேர்ந்து ஒரு சர்வரை நடத்துவது எட்டாத வேலையில்லை. தேவைப்படுவது ஒரு சங்கத்தின் தீர்மானம், பொறுப்பேற்க இரண்டு மூன்று பேர், ஆண்டுதோறும் ஒதுக்கும் ஒரு சிறு தொகை. அடுத்த தளம் மூடப்படுவதற்குள் இவற்றைச் சேர்த்துவிட வேண்டும்.