ஒயிலில் மிச்சம் பிடிக்கலாமா?

கால்சாவின் ஒடுங்கிய தெருக்களால் வேலைக்கு ஓடும் நம்மவர் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். அது நின்றால் சம்பளமும் நிற்கும்.

மலிவு என்று கார் ஒயில் ஊற்றலாமா? கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கிளச், கியர் மூன்றும் ஒரே ஒயிலில்தான் நனைகின்றன. சில கார் ஒயில்களில் உள்ள வழுக்குச் சேர்மானம் கிளச்சை வழுக்க வைக்கும். ஆகவே போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியைத் தேடுங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் 'எம்பி' போதும். '10டபிள்யூ-40' போன்ற எண்ணைக் கைநூலில் உள்ளபடியே வாங்குங்கள். குறியும் எண்ணும் சரியென்றால் விலை கூடிய பெயர் அவசியமில்லை.

இனிக் கணக்கு. ஒயில் 12 யூரோ, பில்டர் 8 யூரோ என்று வைப்போம். 4,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால், மாதம் 500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 8 மாதத்துக்கு 20 யூரோ. மாதம் இரண்டரை யூரோதான்! சில சிறிய ஸ்கூட்டர்களில் பில்டரே இல்லை. கம்பிவலையைக் கழுவிப் பூட்டலாம்.

ஒயில் குறைந்து எஞ்சின் இறுகினால் செலவு நூற்றுக்கணக்கில். மாதம் இருமுறை அளவைப் பாருங்கள். பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.