தேர்தலும் பணமும்

“யார் வந்தாலென்ன, எல்லோரும் ஒன்றுதானே!” என்னும் சலிப்பைத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் நாம் கேட்கின்றோம். வாக்குக் கேட்டு வந்தபோது கைகூப்பி நின்றவர், வென்றபின் முகங்காட்ட மறுக்கின்றார். முன்பு இல்லாத செல்வம் சில ஆண்டுகளில் அவர் இல்லத்திற் குவிகின்றது. மக்கள் வெறுப்படைவது இயல்பே. ஆயினும் வெறுப்பு நோயைக் காட்டுமேயன்றி மருந்தாகாது. மருந்தைத் தேடிய பிரித்தானியரின் அனுபவத்தைச் சற்று நோக்குவோம்.

19 ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிலும் வாக்கு விலைப்பொருளாகவே இருந்தது. வேட்பாளரின் செலவில் மதுச்சாலைகளில் விருந்து நடந்தது. வாக்களிப்பு மறைவாக நடந்தால் இலஞ்சம் ஒழியுமெனக் கருதி, 1872 இல் இரகசிய வாக்கெடுப்பை ஏற்படுத்தினர். இலஞ்சமோ ஒழியவில்லை. 1880 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கணக்குக் காட்டப்பட்ட செலவு மாத்திரம் 17 இலட்சம் பவுணைத் தாண்டியது. ஊழல் மலிந்திருந்த சான்ட்விச், மக்கிள்ஸ்ஃபீல்ட் ஆகிய தொகுதிகள், 1885 இல் தனி உறுப்பினரை அனுப்பும் உரிமையையே இழந்தன.

இந்நிலையில், சேர் ஹென்றி ஜேம்ஸ் முன்வைத்த சட்டம் 1883 இல் நிறைவேறியது. அது பணப்பையின் வாயைக் கட்டியது. வாக்காளர் தொகைக்கேற்பச் செலவுக்கு வரம்பு விதித்தது. செலவனைத்தும் ஒரு முகவர் கைவழியே நடைபெறவேண்டுமென்றது. தேர்தல் முடிந்தபின் கணக்குக் கேட்டது. இலஞ்சம் கொடுத்தவருக்குப் பதவியிழப்பும் சிறையும் காத்திருந்தன. அடுத்த தேர்தல் 1885 இல் நடந்தபோது வாக்காளர் தொகை பெரிதும் பெருகியிருந்தது. செலவோ சுமார் 10 இலட்சம் பவுணாகக் குறைந்தது.

எனினும் வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. வேட்பாளரின் செலவுக்கே வரம்பு; நாடளாவிய முறையில் கட்சிகள் செய்த செலவுக்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டமே வரம்பு கட்டியது. பணமும் நீரைப் போன்றது. சிறு துளை கண்டாலும் வழிதேடிக்கொள்ளும்.

நம் நாட்டின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1946 ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளை செலவுக்கு வரம்பு விதித்திருந்தது. 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்தில் அவ்வரம்பு இடம்பெறவில்லை. நெடுங்காலத்தின் பின், 2023 இலேயே தேர்தற் செலவினத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதன்படி, 2024 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என வரம்பு குறிக்கப்பட்டது. முடிவு வெளியானபின் 21 நாட்களுள் வேட்பாளர் கணக்கு ஒப்படைத்தல் வேண்டும். அக்கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடவும் இடமுண்டு.

இதனால் நேர்வதென்ன? பெருந்தொகை கொடுத்து ஒருவரை வெல்லச் செய்தவர் அதனைத் தருமமாகக் கருதுவதில்லை. அவர் பின்னர் கேட்கும் ஒப்பந்தமும் சலுகையும் நமது வரிப்பணத்திலிருந்தே செல்கின்றன. இன்று இலவசமாகக் கிடைக்கும் சோற்றுப் பொதிக்கு நாளை நாமே விலை கொடுக்கின்றோம்.

ஆகவே நேயர்களே, அடுத்த தேர்தலில் வேட்பாளர் நம் வாசலுக்கு வரும்போது, “எமக்கு என்ன தருவீர்?” என்று கேட்குமுன், “உமக்குத் தந்தவர் யார்?” என்று கேட்போமாக. சட்டம் கணக்கேட்டைத் திறந்து வைக்கலாம். அதனைப் படிக்கவேண்டியவர் நாமே.